புதுச் சவாரி வந்தால் வரிசை குறையுமா?

கலிபோர்னியாவின் அனாஹைம் நகரில் இருக்கும் டிஸ்னிலாண்டில் பீட்டர் பான் சவாரி என்று ஒன்று உண்டு. 1955 ஜூலையில் பூங்கா திறந்த காலத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் சின்னஞ்சிறு பாய்மரக் கப்பலில் ஏறி அமர்ந்தால், இரவு நேர லண்டனின் விளக்குகளுக்கு மேலே பறந்து போவது போலிருக்கும். மூன்று நிமிடத்துக்குள் இறக்கிவிட்டுவிடுவார்கள். தலைகீழாகத் தொங்கவிடுவதில்லை, வயிற்றைக் கலக்குவதில்லை. இன்றைய சவாரிகளோடு ஒப்பிட்டால் இதன் இயந்திர நுட்பம் மிக எளியது. ஆனாலும் பூங்காவின் கதவு திறந்ததும் குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் நேராக அங்கேதான் விரைகின்றன. கூட்ட நாட்களில் ஒரு மணி நேரக் காத்திருப்பு அங்கே சாதாரணம்.

இதைப் பார்த்துவிட்டு, பழையதே போதும், மக்களுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாம். அது அவசர முடிவு. அந்த வரிசை நீளமாக இருப்பதற்குப் பாசம் ஒரு காரணம். இன்னொரு காரணம் வெறும் கணக்கு. ஒரு கப்பலில் இரண்டு மூன்று பேர்தான் உட்கார முடியும். ஒரு மணி நேரத்தில் அந்தச் சவாரி ஆயிரம் பேரைக்கூட ஏற்றி இறக்காது. அதே பூங்காவில் 1967இல் திறந்த கடற்கொள்ளையர் சவாரி பெரிய படகுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, மணிக்கு 2,500 பேருக்கும் மேல் ஏற்றிச் செல்லக்கூடியது. அதனால் அதன் வரிசை நீளமாகத் தெரிந்தாலும் விறுவிறுவென்று நகரும். இரண்டில் எது அதிகம் விரும்பப்படுகிறது என்பதை வரிசையின் நீளத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

தீம் பார்க்குகளைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடத்தில்தான். புதிய சவாரி தேவையா என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஆட்களை வாசலுக்கு அழைத்து வருவது எது என்பது ஒன்று. வந்தவர் மாலையில் நிறைவோடு திரும்ப எது வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் தருவது விளம்பரத் துறையின் வேலை. இரண்டாவதற்குப் பதில் தர வேண்டியவர்கள் சவாரியை இயக்குபவர்கள், பழுது பார்ப்பவர்கள், நிழலுக்கு மரம் நடுபவர்கள். ஒரு கேள்விக்கான விடையைக் கொண்டு மற்றொன்றைத் தீர்க்கப் பார்க்கும்போதுதான் பணம் வீணாகிறது.

புதியது பலன் தந்த கதைகளை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவை மறுக்க முடியாதவை. புளோரிடாவின் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனம் 1999இல் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர் பூங்காவைத் திறந்தது. நல்ல பூங்காதான், ஆனால் பத்து ஆண்டுகளில் களை இழந்தது. தொழில்துறை மதிப்பீடுகளின்படி 2009இல் அங்கே வந்தவர்கள் சுமார் 46 லட்சம் பேர். 2010 ஜூனில் ஹாரி பாட்டர் பகுதி திறந்தது. அந்த ஆண்டு வருகை 59 லட்சம் ஆனது, மறு ஆண்டு 76 லட்சத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்டுக்கு எதிரிலேயே 2001இல் திறந்த கலிபோர்னியா அட்வெஞ்சர் பூங்காவும் இப்படித்தான். தொடக்கத்தில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 100 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டுச் சீரமைத்து, 2012இல் கார்ஸ் படத்தின் பெயரில் ஒரு பகுதியைத் திறந்த பிறகு ஒரே ஆண்டில் வருகை 63 லட்சத்திலிருந்து 78 லட்சமாக உயர்ந்தது.

இந்த வெற்றிகளுக்குள் ஒரு பொது அம்சம் இருக்கிறது. இரண்டு பூங்காக்களிலும் இடம் இருந்தது, ஆட்கள் குறைவாக இருந்தார்கள். அங்கே ஒரு குறை இருந்தது, புதிய பகுதி அந்தக் குறையை நிரப்பியது.

ஹாங்காங் டிஸ்னிலாண்ட் இதையே இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 2005 செப்டம்பரில் திறந்தபோது டிஸ்னி பூங்காக்களிலேயே மிகச் சிறியது அதுதான். முதல் ஆண்டில் 56 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்கிட்டார்கள், வந்தது 52 லட்சம். இரண்டாம் ஆண்டு அது 40 லட்சம் அளவுக்கு இறங்கியது. ஆனால் இதே பூங்காதான் 2006 சீனப் புத்தாண்டு விடுமுறையில் நிரம்பி வழிந்து, கையில் டிக்கெட் வைத்திருந்தவர்களையே வாசலில் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்டால் கூட்டம் போதவில்லை, ஒரு வாரத்தைப் பார்த்தால் தாங்கவில்லை. சவாரிகள் குறைவாக இருந்தால் இரண்டும் ஒருசேர நடக்கும். 2011 முதல் 2013 வரை மூன்று புதிய பகுதிகளைச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில்தான் பூங்கா முதல் முறையாக லாபத்தையும் கண்டது. அங்கே புதியவை தேவைப்பட்டன என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஏற்கெனவே நிரம்பிய பூங்காக்களின் கதை வேறு. 2019 மே 31 அன்று கலிபோர்னியாவின் பழைய டிஸ்னிலாண்டில் ஸ்டார் வார்ஸ் பகுதி திறந்தது. சுமார் 100 கோடி டாலர் செலவானதாகச் செய்திகள் வந்தன. மக்கள் வெள்ளம் திரளும் என்று எல்லோரும் தயாராக இருந்தார்கள். அந்தக் கோடையில் பூங்கா வழக்கத்தைவிடக் காற்றாடியது. அந்தக் காலாண்டில் அமெரிக்க டிஸ்னி பூங்காக்களின் வருகை சுமார் 3 சதவீதம் குறைந்தது. பெருங்கூட்டம் வரும் என்ற அச்சத்திலேயே வழக்கமாக வருகிறவர்கள் ஒதுங்கினார்கள். சுற்றுவட்டார விடுதிகள் கட்டணத்தை ஏற்றியதும் ஒரு காரணம் என்று நிறுவனமே விளக்கியது. ஆண்டு அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர்கள் பலருக்கு அந்த நாட்களில் அனுமதியும் இல்லை. வந்தவர்களுக்குக் கிடைத்ததும் பாதிதான். இரண்டு சவாரிகளில் ஒன்று மட்டுமே தயாராக இருந்தது. மற்றொன்று அடுத்த ஜனவரியில்தான் அங்கே ஓடத் தொடங்கியது.

அதே 2019 ஜூனில் ஆர்லாண்டோவில், ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்ரிட்டின் பெயரில் திறந்த மோட்டார் சைக்கிள் ரோலர் கோஸ்டருக்கு முதல் நாள் காத்திருப்பு பத்து மணி நேரத்தை எட்டியது. இது செய்தித்தாள்களில் ஒரு சாதனை போல வெளிவந்தது. விமானத்தில் வந்து, விடுதியில் தங்கி, ஒரு நாள் டிக்கெட் எடுத்த குடும்பம் அந்த நாள் முழுவதையும் ஒரே வரிசையில் கழித்தது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அந்தச் சவாரி மிக அருமையானது என்பதை ஏறி இறங்கியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அது எத்தனை பேரின் பொழுதைக் காப்பாற்றியது, எத்தனை பேரின் பொழுதை விழுங்கியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். டிஸ்னிலாண்டுக்கு இடம் தேர்ந்தெடுக்க 1953இல் ஆய்வு செய்து கொடுத்த ஹாரிசன் பிரைஸ் காலத்திலிருந்தே இந்தத் தொழில் எண்களைக் கொண்டுதான் நடக்கிறது. ஒரு கூட்ட நாளில் பூங்காவுக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரத்தில் எத்தனை இருக்கைகள் கிடைக்க வேண்டும் என்பதே திட்டமிடுவோரின் அடிப்படைக் கேள்வி. சவாரி, நாடகம், ஊர்வலம் எல்லாம் இந்த எண்ணிக்கையில் சேரும். இப்போது ஒரு கற்பனைப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். உள்ளே 40,000 பேர் இருக்கிறார்கள், ஒரு புதிய சவாரி வருகிறது. பெரிய, நவீனச் சவாரி. மணிக்கு 1,800 பேரை ஏற்றும். விளம்பரம் நன்றாக வேலை செய்து 5,000 பேர் கூடுதலாக வருகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் மணிக்கு ஒரு சவாரி கேட்டால் மணிக்கு 5,000 இருக்கைகள் தேவை. கூடியது 1,800 மட்டுமே. மீதி 3,200 பேர் எங்கே போவார்கள்? பழைய சவாரிகளின் வரிசைகளுக்குத்தான். ஆக, புதிய சவாரியால் பூங்கா முழுவதும் வரிசை நீண்டுவிட்டது. கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் கிடைக்காமல் மண்டப வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு, இலையில் இன்னொரு இனிப்பைச் சேர்த்தால் பசி ஆறுமா? இன்னும் நூறு இலை போட இடம் வேண்டும்.

சவாரி ஓடினால்தான் இந்த 1,800கூட. இன்றைய பெரிய சவாரிகளில் கணினியும் உணரிகளும் தண்டவாளமில்லாத வண்டிகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஓரிடத்தில் சிறு கோளாறு என்றாலும் பாதுகாப்புக்காக முழுவதும் நின்றுவிடும். ஸ்டார் வார்ஸ் பகுதியின் இரண்டாவது சவாரி தொடக்க மாதங்களில் அடிக்கடி நின்றது. வரிசையில் நிற்கவே அனுமதி தராமல், காலையில் கைபேசி வழியாகக் குழு எண் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அந்த நாளுக்கான எண்கள் தீர்ந்துபோகும். ஒரு மூலையில் புதிய சவாரி இருக்கிறது, நமக்கு அது இல்லை என்ற நினைப்போடு நாளெல்லாம் நடப்பது, அந்தச் சவாரியே இல்லாத பூங்காவில் நடப்பதைவிட வருத்தமானது.

புதியது பழையதை விழுங்கிய கதைகளில் என்னை அதிகம் வருத்துவது டிஸ்னிலாண்டின் பீப்பிள்மூவர். 1967இல் வந்தது. திறந்த சிறு பெட்டிகள், தலைக்கு மேலே உயர்ந்த பாதையில், நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, நில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். பாதையில் சில அடிகளுக்கு ஒன்றாகப் பதித்திருந்த ரப்பர் சக்கரங்கள் சுழன்று பெட்டிகளைத் தள்ளும். கால் வலித்தவர்கள் ஏறி உட்காருவார்கள், காற்று வாங்குவார்கள், கீழே போகும் கூட்டத்தைப் பார்ப்பார்கள், அடுத்து எங்கே போகலாம் என்று பேசிக்கொள்வார்கள். பதினாறு நிமிடம் போல ஓடும். 1995இல் அதை மூடிவிட்டு, அதே பாதையில் 1998இல் ராக்கெட் ராட்ஸ் என்ற வேகச் சவாரியைக் கொண்டுவந்தார்கள். பாதையும் தூண்களும் மெதுவான பெட்டிகளுக்காகக் கட்டப்பட்டவை. வேகமாகப் போகும் வண்டிக்கு வளைவில் பாதை சாய்ந்திருக்க வேண்டும்; இங்கே தட்டையாக இருந்தது. அதனால் நேர்ப்பாதையில் சீறுவதும், ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் வேகத்தைக் கொல்வதுமாக அந்த வண்டி ஓடியது. டயர்கள் தேய்ந்தன, பழுதுகள் தொடர்ந்தன. 2000இல் பழுது பார்க்க நிறுத்தினார்கள், பிறகு திறக்கவே இல்லை. அந்தப் பாதை இன்றும் வெறுமையாக நிற்கிறது. புளோரிடாவில் 1975இல் திறந்த பீப்பிள்மூவரோ இன்னும் ஓடுகிறது. ரசிகர்கள் அதை அவ்வளவு நேசிக்கிறார்கள்.

அந்தச் சவாரி யாரையும் விமானம் ஏற்றி வரவழைத்திருக்காது. விளம்பரப் பலகையில் அதற்கு இடமில்லை. ஆனால் ஒரு நாளின் நடுவில், மத்தியான வெயிலில், அழத் தொடங்கிய குழந்தையோடு நிற்கும் தாய்க்கு அது கொடுத்த இளைப்பாறலை எந்த ரோலர் கோஸ்டரும் கொடுக்காது. கூட்டத்தைக் கணக்கெடுக்கும் எந்தப் பட்டியலிலும் இந்த இளைப்பாறல் பதிவாவதில்லை. பதிவாகாததை மூடுவது எளிது.

இதற்கு மாறாக, நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்கா பழையதை எப்படி விடைகொடுத்து அனுப்புவது என்று காட்டியது. 1978 முதல் இருந்த பேய் மாளிகையை 2022இல் மூடியபோது ரசிகர்கள் கலங்கினார்கள். 2024 அக்டோபரில் அதே இடத்தில் திறந்த டான்ஸ் மகாப்ர் என்ற சவாரி முற்றிலும் புதிய இயந்திரம். ஆனால் பழைய மாளிகையில் ஒலித்த, பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸின் அதே இசையையே அது தாங்கி நிற்கிறது. அப்பாவோடு பழைய மாளிகைக்கு வந்தவர் இப்போது தன் பிள்ளையை அழைத்து வந்தால், முதல் சுருதியிலேயே எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார்.

அடிக்கடி வருகிறவரையும் ஆயுளில் ஒருமுறை வருகிறவரையும் பிரித்துப் பார்க்க வேண்டியது அவசியம். பல ஆண்டு சேமித்து ஆர்லாண்டோவுக்கு வரும் குடும்பத்துக்கு 1971இல் கட்டியதும் புதிது, நேற்றுக் கட்டியதும் புதிது. அவர்களுக்கு வேண்டியது அறிவிப்பில் பார்த்த சவாரிகள் அன்றைக்கு ஓடுவது. பக்கத்து ஊர்க்காரர், ஆண்டு முழுவதுக்கும் சீட்டு வாங்கியவர், அடுத்த முறை வர ஒரு காரணம் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் நூறு கோடி டாலர் கட்டடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டிஸ்னிலாண்டின் பேய் மாளிகைக்கு 2001 முதல் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் வேறு அலங்காரம், வேறு இசை. தண்டவாளம் அதேதான், பெட்டிகள் அதேதான், வரிசையோ புதுச் சவாரிக்குரியது. கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 1973இலேயே ஹாலோவீன் இரவுகளைத் தொடங்கிவிட்டது. பொம்மை, புகை, வேடமிட்ட நடிகர்கள் இருந்தால் போதும், பூங்கா ஆறேழு வாரம் வேறோர் ஊராகிவிடும்.

உயரத்திலும் வேகத்திலும் போட்டி போட்டவர்களின் கதையும் நினைவில் இருக்க வேண்டும். 1990களில் கடன் வாங்கிப் பூங்காக்களை வாங்கிக் குவித்து, ஒவ்வொன்றிலும் ராட்சத ரோலர் கோஸ்டர்களை எழுப்பிய சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் 2009 ஜூனில் திவால் பாதுகாப்புக் கேட்டது. கடன் சுமார் 240 கோடி டாலர். சாதனை உயரங்கள் அந்தக் கடனை அடைக்க உதவவில்லை.

நிறைவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள நான் கோபன்ஹேகன் நகரின் டிவோலியைத்தான் பார்க்கச் சொல்வேன். 1843 ஆகஸ்டில் கியோர்க் கார்ஸ்டன்சன் திறந்த பூங்கா. அங்கே 1914இல் அமைத்த மர ரோலர் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. வண்டியின் நடுவே ஒரு பிரேக் இயக்குநர் உட்கார்ந்திருப்பார். இறக்கத்தில் எவ்வளவு விடுவது, வளைவில் எப்போது பிடிப்பது என்பதை அவர் கை தீர்மானிக்கிறது. 1874இல் கட்டிய மௌன நாடக அரங்கின் திரை ஒரு மயில். ஆட்டம் தொடங்கும்போது தோகையை மடக்கிக்கொண்டு மேடைக்கு வழிவிடும். டிவோலியிலும் புதுச் சவாரிகள் வருகின்றன, வராமலில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் பலர் சவாரிக்கென்று வருவதில்லை. விளக்கு ஏற்றிய மரங்களுக்குக் கீழே சாப்பிடவும், வெள்ளிக்கிழமை இசை கேட்கவும் வருகிறார்கள். டிஸ்னிலாண்டைக் கட்டுவதற்கு முன் வால்ட் டிஸ்னி 1951இல் இங்கே வந்து பார்த்தார். தன் பூங்கா ஒருபோதும் முடிவடையாது என்று அவர் பின்னர் சொன்னதைப் பூங்கா நிறுவனங்கள் ஒவ்வொரு புதிய கட்டடத்தின்போதும் எடுத்துக்காட்டுகின்றன. அந்தப் பேச்சில் அவர் மரங்களையும் சொன்னார்: ஆண்டுக்கு ஆண்டு மரங்கள் வளரும், இடம் இன்னும் அழகாகும் என்றார். அந்தப் பகுதியை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

சென்னைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் வி.ஜி.பி. பூங்காவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ராட்டினங்களுக்கு முன்னால் சிலை மனிதர்தான் வருவார். என்ன கோமாளித்தனம் செய்தாலும் இமைக்காமல், சிரிக்காமல் நின்ற அந்த மனிதரைச் சிரிக்கவைக்கத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் முயன்றார்கள். மின்சாரம் வேண்டாம், தண்டவாளம் வேண்டாம். ஒரு மனிதரின் பயிற்சியும் பொறுமையும் போதுமாக இருந்தன.

ஜப்பானில் டோக்கியோ டிஸ்னி பூங்காக்களை நடத்தும் ஓரியண்டல் லேண்ட் நிறுவனம் எடுத்த முடிவுதான் இன்றைக்கு மிகத் தெளிவான பரிசோதனை. 2018 நிதியாண்டில் இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்து 3.25 கோடிப் பேர் வந்தார்கள். நெரிசல் பற்றிய குறைகளும் கூடவே வந்தன. பெருந்தொற்றுக்குப் பிறகு, ஒரு நாளில் உள்ளே விடும் எண்ணிக்கையின் உச்சத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டார்கள். 2024 ஜூனில் 32,000 கோடி யென் செலவில் ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் என்ற பெரும் பகுதியை, அந்த இரண்டு பூங்காக்களில் ஒன்றான டிஸ்னிசீயில் திறந்தார்கள். அதற்குள் நுழையவே தொடக்கத்தில் தனி அனுமதி வேண்டியிருந்தது. அந்த நிதியாண்டின் மொத்த வருகை 2.75 கோடி அளவில், ஏறக்குறைய முந்தைய ஆண்டைப் போலவே இருந்தது. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான திட்டமாகவே படுகிறது. கூடுதல் இருக்கைகளைக் கட்டிவிட்டு, அந்த இருக்கைகளுக்குக் கூடுதல் ஆட்களை அழைக்காமல் இருந்தால்தான் ஏற்கெனவே வருகிறவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். நெரிசல் மிக்க பூங்காவில் புதிய சவாரி நிறைவைத் தரும் ஒரே வழி இதுதான். இதற்கு விலையும் உண்டு: டிக்கெட் கட்டணம் ஏறியது, எளிய குடும்பங்களுக்குத் தூரம் கூடியது. அந்தக் குறையை மறைத்துப் பேச நான் தயாரில்லை.

அமெரிக்காவில் திசை வேறாக இருக்கிறது. வரிசையைக் குறைப்பதற்குப் பதிலாக, வரிசையைத் தாண்டிப் போகும் உரிமையை விற்கிறார்கள். 1999இல் இலவசமாகத் தொடங்கிய முன்பதிவுச் சீட்டு 2021இல் கட்டணச் சேவையாகிவிட்டது. கூட்ட நாட்களில் டிஸ்னிலாண்டின் ஒரு நாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டிவிட்டது. அதற்கு மேலும் பணம் கட்டினால்தான் விரைவு வரிசை. இந்த ஏற்பாட்டில் நீண்ட வரிசையே வருமானத்துக்கு வழியாகிறது. வரிசை குறைந்தால் யார் பணம் கட்டுவார்கள்? புதிய சவாரி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், இந்தக் கணக்கு மாறாதவரை சாதாரண டிக்கெட்காரரின் நாள் மேம்படாது என்றே நினைக்கிறேன்.

2023இல் டிஸ்னி நிறுவனம் பத்து ஆண்டுகளில் தன் பூங்காக்களுக்கும் உல்லாசக் கப்பல்களுக்குமாக 6,000 கோடி டாலர் செலவிடுவதாக அறிவித்தது. அதன் ஒரு பகுதியாக, புளோரிடாவின் மேஜிக் கிங்டமில் பூங்கா திறந்த 1971 முதல் இருந்த ஆற்றையும், நடுவிலிருந்த டாம் சாயர் தீவையும், நீராவிப் படகையும் 2025 ஜூலையில் மூடினார்கள். கார்ஸ் பட உலகம் அங்கே வருகிறது. அந்தப் படகு ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோரை நிழலில் உட்காரவைத்தது. தீவில் குழந்தைகள் வரிசையே இல்லாமல் ஓடி விளையாடினார்கள். புதிய பகுதி திறக்கும் நாளில் அதன் வரிசை எத்தனை மணி நேரம் என்பது தலைப்புச் செய்தியாகும். அதோடு அங்கே எத்தனை பெஞ்சுகள், எத்தனை மரங்கள், மணிக்கு எத்தனை இருக்கைகள் என்பதையும் யாராவது எண்ணி எழுத வேண்டும். மூடிய மூன்றும் சேர்ந்து கொடுத்ததைவிட அவை குறைவாக இருந்தால், அந்தப் பூங்கா புதிதாகச் செலவிட்டும் தன் விருந்தினர்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது.